சிங்கிள் குரோஷே மட்டும் தெரிந்தவர்களுக்கு முதல் ஜோடி பூட்டீஸ்

கேள்வி இதுதான்: கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேயில் செயின் போடத் தெரியும், சிங்கிள் குரோஷே ஓரளவு கைக்கு வந்துவிட்டது. உறவில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு ஜோடி பூட்டீஸ், அதாவது நூல் காலணி, பின்ன ஆசை. ஆனால் வீடியோ பார்த்துப் பின்னினால் அடிப்பாகம் தட்டையாக வராமல் கிண்ணம் மாதிரி குவிந்துவிடுகிறது. இரண்டாவது பூட்டி முதலாவதைவிடச் சின்னதாக வருகிறது. இன்னும் நிறைய பின்னல் கற்றுக்கொண்ட பிறகுதான் இதைத் தொட வேண்டுமா?

வேண்டாம். இப்போது தெரிந்ததே போதும். ஒரு ஜோடி பூட்டீஸை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சிங்கிள் குரோஷேயிலேயே பின்னலாம். புதிதாகப் பழக வேண்டியவை முக்கியமாக இரண்டுதான்: ஒரே இடத்தில் இரண்டு போட்டுக் கூட்டுவது, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிக் குறைப்பது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் அடிப்பாகத்திலேயே தொடங்குபவை. அதனால் அடிப்பாகத்தைப் பற்றி நிறையவும் மற்றதைப் பற்றிக் குறைவாகவும் எழுதுகிறேன்.

முதலில் நூல். வழுவழுப்பான, இளநிறமான, ஒரே நிறத்தில் உள்ள நூலாக எடுங்கள். வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், சந்தன நிறம் எல்லாம் நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் ஸ்டிட்ச் கண்ணுக்குத் தெரியாது. பல நிறம் கலந்த நூலில் எண்ணுவது கடினம். மொசுமொசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அந்த இழைகள் உதிர்ந்து வாய்க்குப் போகும், அவிழ்த்துத் திருத்தவும் விடாது. பருமன் டிகே எனப்படும் நடுத்தர மெல்லிய நூல். சில லேபிள்களில் 8 ப்ளை என்றோ, 3 என்று எண் போட்டோ இருக்கும். ஒரு ஜோடிக்கு 50 கிராம் கண்டு ஒன்று தாராளமாகப் போதும், மிச்சமும் இருக்கும்.

பருத்தியா அக்ரிலிக்கா என்றால், வெயில் காலத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பருத்தி, குளிருக்கு மென்மையான அக்ரிலிக் அல்லது இரண்டும் கலந்த நூல். முதல் ஜோடிக்கு என் தேர்வு கலப்பு நூல்தான். சுத்தப் பருத்தி கொஞ்சமும் நீட்டிக்கொடுக்காது, புதிய கைக்கு வலி எடுக்கும். சாதாரண ஆட்டு ரோமக் கம்பளி வெந்நீரில் அலசினால் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதைத் தனியாகத் துவைக்க நேரம் இருக்காது.

ஊசி 3.5 மி.மீ. நூலின் லேபிளில் 4 அல்லது 4.5 என்று போட்டிருக்கலாம். அது சால்வை, ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு. பூட்டியில் நமக்கு இடைவெளி இல்லாத நெருக்கமான துணி வேண்டும், இல்லாவிட்டால் குட்டி விரல்கள் ஓட்டையில் மாட்டும். அதனால்தான் வேண்டுமென்றே ஒரு படி சின்ன ஊசி. கணுக்காலில் இரண்டு சுற்றுக்கு மட்டும் 3 மி.மீ. ஊசி ஒன்று இருந்தால் நல்லது. இவற்றுடன் மழுங்கிய முனையுள்ள, பெரிய காதுள்ள தையல் ஊசி, கத்தரி, அளவு டேப், அடையாளம் வைக்க வேறு நிற நூல் துண்டுகள்.

வீடியோ பார்த்துக் குழம்பும் ஒரு இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். நான் எழுதுவது முழுக்க அமெரிக்கப் பெயர். சந்தேகம் வந்தால் பின்னலைப் பாருங்கள்: ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு லூப், இன்னொரு முறை நூல் சுற்றி இரண்டையும் சேர்த்து இழுத்தால் முடிந்தது. அதுதான் நம் சிங்கிள்.

அளவு எவ்வளவு? பிறந்த குழந்தையின் பாதம் பொதுவாக 8 செ.மீ. அளவில் இருக்கும். முதல் மூன்று மாதத்துக்கு 9 செ.மீ. அடிப்பாகம், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு 10 செ.மீ., அதற்கு மேல் ஒன்பது மாதம் வரை 10.5 முதல் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்திருந்தால் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து அரை செ.மீ. கூட்டுங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் 10 செ.மீ. அளவையே பின்னுங்கள் என்பேன். பிறந்த குழந்தைக்கான அளவைப் பல குழந்தைகள் சில வாரங்களிலேயே தாண்டிவிடும். கீழே தருவது 9 செ.மீ.க்கான கணக்கு. அதைப் பெரிதாக்குவது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அடிப்பாகம் ஏன் குவிகிறது என்று பார்ப்போம். இது புரிந்துவிட்டால் எந்தக் குறிப்பும் இல்லாமலேயே தட்டையாகப் பின்னலாம்.

வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு ஸ்டிட்சின் உயரம் அளவுக்குக் கூட்டுகிறது. ஆரம் அந்த அளவு கூடினால் சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 2 பை ஆர்தான். சிங்கிள் குரோஷேயின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6 ஸ்டிட்ச் கூடினால் துணி தட்டையாகப் படுக்கும். 6-க்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் மேலே எழும்பும், நீங்கள் சொன்ன கிண்ணம் அதுதான். கூடுதலாகக் கூட்டினால் விளிம்பு அலை அலையாக நெளியும். இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரமான டபுள் குரோஷேக்குச் சுற்றுக்கு 12 கூட்டுவதும் இதே கணக்கில்தான்.

பாதம் வட்டம் இல்லை, நீள்வட்டம். அதை நடுவில் நீளமாக வெட்டி விலக்கி வைத்த ஒரு வட்டமாக நினையுங்கள்: இரண்டு முனைகளிலும் அரை அரை வட்டம், நடுவில் இரண்டு நேர்ப்பக்கங்கள். கூட்டல் எல்லாம் முனைகளில் மட்டும், ஒவ்வொரு முனைக்கும் சுற்றுக்கு 3. நேர்ப்பக்கங்களில் எந்தச் சுற்றிலும் ஒன்றுகூடக் கூடாது, குறையாது. குவிந்துபோன உங்கள் அடிப்பாகத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். அநேகமாக ஏதோ ஒரு முனையில் ஒரு கூட்டல் விட்டுப்போயிருக்கும், அல்லது முதல் சுற்றின் கடைசி ஸ்டிட்ச் கண்ணில் படாமல் தப்பியிருக்கும்.

பின்னத் தொடங்குவோம். சுருக்கு முடிச்சுப் போட்டு 11 செயின். ஊசியில் இருக்கும் லூப் கணக்கில் சேராது, முடிச்சும் சேராது. கிடையாக வைத்து 'வி' வடிவங்களை எண்ணினால் 11 இருக்க வேண்டும். செயின் தளர்வாக இருக்கட்டும். இறுக்கமாக வந்தால் செயினுக்கு மட்டும் 4 மி.மீ. ஊசி எடுத்துக்கொள்ளலாம்.

1ஆம் சுற்று: ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் 1 சிங்கிள். அடுத்த 8 செயினில் ஒவ்வொன்று. கடைசிச் செயினில் ஒரே துளையில் 3. இப்போது துணியைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டாமல், மேசையில் வைத்தபடியே அரை வட்டம் திருப்புங்கள். செயினின் மறுபக்கம் மேலே வரும். அந்தப் பக்கம் மிஞ்சியிருக்கும் இழைகளில் ஒவ்வொன்றாக 8 சிங்கிள். முதல் சிங்கிள் போட்ட அதே செயினில் 2 சிங்கிள். மொத்தம் 22.

மறுபக்கம் போகும்போது ஆரம்ப நூல் முனையைச் செயினோடு சேர்த்துப் பிடித்து அதன்மேலேயே பின்னிக்கொண்டு போனால், அது உள்ளே மறைந்துவிடும்.

முதல் சிங்கிளின் தலையில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகுங்கள். சுற்றுகளை ஸ்லிப் ஸ்டிட்ச் (ஊசியை விட்டு இழுத்த நூலை ஊசியில் உள்ள லூப் வழியாகவும் அப்படியே இழுத்துவிடுவது) போட்டு மூட வேண்டாம். அடுத்த சுற்றுக்கு நேரே ஏறிப் போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொரு புதுச் சுற்றின் முதல் சிங்கிளுக்கும் அந்த நூல் துண்டை மாற்றிவிடுங்கள். மூடிப் பின்னினால், மூடிய ஸ்லிப் ஸ்டிட்சையும் ஒரு ஸ்டிட்ச் என்று நினைத்து எண்ணிக்கை ஏறிவிடுவது புதியவர்களுக்கு வழக்கம். ஏறிப் போகும் முறையில் அந்தச் சிக்கலே இல்லை, தையல்கோடும் விழாது.

2ஆம் சுற்று: முதல் ஸ்டிட்சில் கூட்டல், அதாவது ஒரே இடத்தில் 2 சிங்கிள். பிறகு 8 சாதாரணமாக. அடுத்த 3 ஸ்டிட்சிலும் கூட்டல். மறுபடி 8. கடைசி 2 ஸ்டிட்சிலும் கூட்டல். மொத்தம் 28.

3ஆம் சுற்று: 1 சிங்கிள், 1 கூட்டல். பிறகு 8. 'ஒரு சிங்கிள், ஒரு கூட்டல்' என்பதை மூன்று முறை. மறுபடி 8. அதே ஜோடி இரண்டு முறை. மொத்தம் 34.

4ஆம் சுற்று: 2 சிங்கிள், 1 கூட்டல். பிறகு 8. 'இரண்டு சிங்கிள், ஒரு கூட்டல்' மூன்று முறை. மறுபடி 8. அதே வரிசை இரண்டு முறை. மொத்தம் 40.

22, 28, 34, 40. ஆறு ஆறாக ஏறுகிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். 33 வந்தால் 'அடுத்த சுற்றில் சரிக்கட்டிக்கொள்ளலாம்' என்று மேலே போகாதீர்கள். சில ஸ்டிட்ச்களை அவிழ்ப்பது இந்தக் கட்டத்தில் ஒரு பெரிய வேலையே இல்லை. முன்பக்கம் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் அது மனதைச் சோர்வடைய வைக்கும்.

இப்போது மேசையில் வைத்து அளந்து பாருங்கள். நீளம் 8.5-லிருந்து 9 செ.மீ., அகலம் சுமார் 4 செ.மீ. இருந்தால் உங்கள் கை சரியான இறுக்கத்தில் இருக்கிறது. 8-க்கும் கீழே என்றால் 4 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னுங்கள். 9.5-ஐத் தாண்டினால் 3 மி.மீ. எண்ணிக்கையை மாற்ற வேண்டாம், ஊசியை மாற்றினால் போதும்.

இங்கே நிறுத்திவிட்டு இரண்டாவது அடிப்பாகத்தையும் பின்னுங்கள். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஒரு பூட்டியை முழுதாக முடித்துவிட்டு, சில நாள் கழித்து மற்றதைத் தொடங்கும்போதுதான் அளவு மாறுகிறது. அதற்குள் கை பழகியிருக்கும், நூலைப் பிடிக்கும் விதம் மாறியிருக்கும். ஒரே அமர்வில் இரண்டு அடியும், அடுத்த அமர்வில் இரண்டு பக்கச்சுவரும் என்று படிப்படியாகப் பின்னினால் இரண்டும் ஒன்றாகவே வளரும். இந்த வடிவத்தில் வலது இடது வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒரே குறிப்பு.

அப்படியும் இரண்டும் ஒட்டாமல் போனால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, லூப் எங்கே உட்காருகிறது என்பது. ஊசியின் கொக்கிக்குக் கீழே கழுத்துப் பகுதி குறுகலாக இருக்கும், அதற்கும் கீழே முழுப் பருமனுள்ள தண்டு. லூப் தண்டில் உட்கார்ந்தால்தான் 3.5 மி.மீ. என்ற அளவுக்கு அர்த்தம். கழுத்திலேயே வைத்துப் பின்னினால் நீங்கள் உண்மையில் பின்னுவது அதைவிடச் சின்ன ஊசியில். பயத்தில் இறுக்கிப் பின்னும் எல்லோருக்கும் லூப் கழுத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது, நூலைப் பிடிக்கும் விதம். ஊசியை ஸ்டிட்சுக்குள் விட்ட பிறகு நூலை ஊசியின் மேலாகச் சுற்றி இழுப்பது ஒரு வகை. ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியால் கீழ்நோக்கிப் பறித்து இழுப்பது இன்னொரு வகை. முதலாவதில் ஸ்டிட்சின் கால்கள் 'வி' போலத் தெரியும். இரண்டாவதில் பெருக்கல் குறி போலத் தெரியும், ஸ்டிட்ச் இறுக்கமாகவும் சிறியதாகவும் இருக்கும். இரண்டுமே நல்ல பின்னல்தான். ஆனால் ஒரு பூட்டியில் ஒன்றும் மற்றதில் இன்னொன்றும் இருந்தால் அளவு நிச்சயம் மாறும். உங்கள் இரண்டு பூட்டியையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வி'யா பெருக்கல் குறியா என்று பாருங்கள். பலருக்கும் தாங்கள் இடையில் மாறியதே தெரிவதில்லை.

அடுத்தது பக்கச்சுவர். பின்னும்போது உங்களைப் பார்த்திருந்த முகம்தான் நல்ல முகம், அது வெளியே வர வேண்டும்.

5ஆம் சுற்று: ஒவ்வொரு ஸ்டிட்சின் தலையிலும் இரண்டு இழைகள் இருக்கும். வழக்கமாக இரண்டுக்கும் அடியில் ஊசியை விடுவோம். இந்தச் சுற்றில் மட்டும் பின்னால் இருக்கும் ஒற்றை இழையில் பின்னுங்கள். கூட்டலும் இல்லை குறைப்பும் இல்லை, 40. முன்னால் மிஞ்சும் இழைகள் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வரம்பு கட்டும். சுவர் அந்த இடத்தில் மடிந்து நேராக எழும்பும்.

6, 7ஆம் சுற்றுகள்: வழக்கம்போல இரண்டு இழைகளுக்கும் அடியில், 40 சிங்கிள். சுவர் உள்நோக்கிச் சுருண்டு நல்ல முகம் உள்ளே போயிருந்தால், இங்கே ஒரு முறை புரட்டி விட்டுவிடுங்கள்.

இனி முன்பக்கம். விரல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் குறைத்தால் மேல்பகுதி பின்னோக்கி வளைந்து பாதத்தை மூடும்.

குறைக்கும்போது ஓட்டை விழாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. வழக்கமான குறைப்பில் இரண்டு ஸ்டிட்சிலும் தனித்தனியே நூலை இழுத்து, ஊசியில் மூன்று லூப் வந்ததும் சேர்த்து முடிப்போம். அந்த இடம் கொஞ்சம் புடைத்துத் தெரியும். அதற்குப் பதிலாக முதல் ஸ்டிட்சின் முன் இழையில் ஊசியை விடுங்கள், நூலைப் பிடிக்காமல் அடுத்த ஸ்டிட்சின் முன் இழையிலும் விடுங்கள். இப்போது நூலைப் பிடித்து அந்த இரண்டு இழை வழியாகவும் இழுங்கள். ஊசியில் இரண்டு லூப் இருக்கும். வழக்கம்போலச் சிங்கிளை முடியுங்கள். பக்கத்தில் உள்ள சிங்கிளுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். குழந்தைப் பூட்டியில் இந்தக் குறைப்பைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

8ஆம் சுற்று: 12 சிங்கிள், 6 குறைப்பு, 16 சிங்கிள். மொத்தம் 34.

இந்தச் சுற்றைத் தொடங்கும் முன் ஒரு வேலை. சிங்கிள் குரோஷே நேராக ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. வலது கையால் பின்னுபவர்களுக்கு ஒவ்வொரு சுற்றும் வலப்பக்கமாகக் கொஞ்சம் நழுவும். அதனால் ஏழு சுற்றுக்குப் பிறகு உங்கள் தொடக்க அடையாளம் இருந்த இடத்திலேயே இருக்காது. அடிப்பாகத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். முதல் சுற்றில் 3 சிங்கிள் போட்ட முனைதான் விரல் பக்கம். அங்கே மடிப்பு விழும் இடம் நடு. அதில் ஒரு நூல் துண்டு வையுங்கள். அந்த நடுவிலிருந்து 6 ஸ்டிட்ச் பின்னோக்கி எண்ணி, குறைப்பை அங்கே தொடங்குங்கள். தொடக்கத்தில் வரும் 12 உங்களுக்கு 13 அல்லது 14 ஆகலாம். கடைசி 16 அதற்கேற்ப 15 அல்லது 14 ஆகும். மொத்தம் மட்டும் 34-ஐ விட்டு நகரக் கூடாது. இதைச் செய்யாவிட்டால் பூட்டியின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

9ஆம் சுற்று: 9 சிங்கிள், 6 குறைப்பு, 13 சிங்கிள். மொத்தம் 28. முந்தைய சுற்றில் குறைப்பு தொடங்கிய இடத்துக்கு 3 ஸ்டிட்ச் முன்பே இந்தச் சுற்றின் குறைப்பு தொடங்குகிறது. 8ஆம் சுற்றில் எண்ணிக்கையை நகர்த்தியவர்கள் அந்த வித்தியாசத்தை இங்கேயும் அப்படியே கடைப்பிடியுங்கள்.

10ஆம் சுற்று: குறைப்பில்லாமல் 28. இந்த ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்தடுத்துக் குறைத்தால் முன்பகுதியின் நீளம் போதாமல் நுனி மேல்நோக்கி இழுத்துக்கொள்ளும்.

11ஆம் சுற்று: 8 சிங்கிள், 4 குறைப்பு, 12 சிங்கிள். மொத்தம் 24.

இப்போது கையில் இருப்பது பார்க்கப் பூட்டியாகிவிட்டது. மீதி கணுக்கால் பட்டி.

பூட்டீஸ் பின்னுகிறவர்களுக்கு ஒரு பொதுவான மனக்குறை, குழந்தை இரண்டு உதை உதைத்தால் கழன்று விழுந்துவிடுகிறது என்பது. அதற்காகத்தான் பலர் கயிறு கோத்துக் கட்டுகிறார்கள். எனக்கு நீளக் கயிறு பிடிப்பதில்லை. குழந்தை அதை இழுத்து வாயில் வைக்கும், விரலில் சுற்றிக்கொள்ளும். கயிறு இல்லாமலே நிற்க வைக்கலாம். 12, 13ஆம் சுற்றுகளை 3 மி.மீ. ஊசியில், எண்ணிக்கையை மாற்றாமல் 24 சிங்கிளாகப் பின்னுங்கள். கணுக்காலில் அந்த இரண்டு சுற்றும் லேசாக இறுக்கிப் பிடிக்கும். பிறகு மறுபடி 3.5 மி.மீ. ஊசியில் 14-லிருந்து 17 வரை நான்கு சுற்று. அந்த நான்கையும் வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் பட்டி. மடித்த பட்டியில் பின்னலின் உள்முகம் தெரியும், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும். நல்ல முகமே தெரிய வேண்டும் என்பவர்கள் 13ஆம் சுற்று முடிந்ததும் ஒரு செயின் போட்டு, துணியைத் திருப்பி, எதிர்த்திசையில் அந்த நான்கு சுற்றையும் பின்னலாம். திருப்பிய இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தால் நூல் முனையைச் செருகும்போது அதை மூடிவிடுங்கள்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, பூட்டியின் வாயைத் தட்டையாக வைத்து அளந்தால் குறுக்கே 5.5-லிருந்து 6 செ.மீ. இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் 7 செ.மீ. வரை எளிதாக நீள வேண்டும். குதிகால் நுழைய அந்த நீட்சி தேவை. நீளவில்லை என்றால் 3 மி.மீ. ஊசியே வேண்டாம், எல்லாவற்றையும் 3.5-லேயே பின்னுங்கள். கொஞ்சம் தளர்ந்திருக்கும் பூட்டியால் ஒரு கெடுதலும் இல்லை. இறுக்கிப் பிடிக்கும் பூட்டி காலில் தடம் பதிக்கும்.

கடைசியில் அடுத்த இரண்டு ஸ்டிட்சில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டால் படிக்கட்டு மாதிரி தெரியும் முடிவு சமமாகிவிடும். நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, லூப் வழியாக இழுங்கள்.

இனி நூல் முனைகளைச் செருகுவது. அவசரப்படக் கூடாத வேலை இது. உள்ளே தளர்ந்து தொங்கும் ஒரு இழையோ உதிர்ந்த தலைமுடியோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்படும். மருத்துவர்கள் இதை நன்றாக அறிந்து எச்சரிக்கிற விஷயம். காலணிக்குள் மறைந்திருப்பதால் பெரியவர்கள் கண்ணில் படாது. குழந்தை காரணம் புரியாமல் அழுதுகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு முனையையும் மழுங்கிய ஊசியில் கோத்து, ஸ்டிட்சுகளின் உடம்புக்குள்ளேயே ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி எதிர்த்திசையில் அதே அளவு, இன்னொரு முறை குறுக்கே என்று செருகுங்கள். துணியை நன்றாக இழுத்துவிட்ட பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். உள்ளே முடிச்சுப் போடாதீர்கள், பஞ்சுப் பாதத்தில் அது உறுத்தும். நிறம் மாற்றிப் பின்னும் வடிவங்களில் உள்பக்கம் நூல் நீளமாக ஓடும். குழந்தைப் பூட்டிக்கு அவை வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். முடிந்ததும் உள்பக்கத்தை வெளியே புரட்டி, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் எதுவும் மாட்டக் கூடாது. கொடுக்கும்போது தாயிடமும் சொல்லுங்கள்: ஒவ்வொரு முறை போடும் முன்பும் இப்படி ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும்.

பொத்தான், மணி, முத்து எதுவும் வேண்டாம். எவ்வளவு உறுதியாகத் தைத்தாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பிச் சப்பி நூல் நைந்துவிடும். கழன்றால் தொண்டையில் போய் அடைக்கும். அலங்காரம் வேண்டுமென்றால் 5ஆம் சுற்றில் மிஞ்சிய முன் இழைகளில் வேறு நிற நூலால் ஒரு சுற்று ஸ்லிப் ஸ்டிட்ச் போடுங்கள். அடிப்பாகத்தைச் சுற்றி மெல்லிய கரை விழும். எனக்கு எந்தப் பூவைவிடவும் அந்தக் கரை அழகாகத் தெரியும்.

அளவைப் பெரிதாக்க இரண்டு வழிகள். எளியது, எண்ணிக்கை எதையும் மாற்றாமல் 4 மி.மீ. ஊசியில் பின்னுவது, 9 செ.மீ. அடி ஏறக்குறைய 10 ஆகும். துணி கொஞ்சம் தளரும் என்பதால் நூலும் ஒரு சுற்றுப் பருமனாக இருந்தால் நல்லது. இன்னொன்று ஆரம்பச் செயினைக் கூட்டுவது. 11-க்குப் பதில் 13 செயின் போட்டால் ஒவ்வொரு நேர்ப்பக்கத்திலும் 8 இருந்த இடத்தில் 10 வரும், நீளம் ஒரு செ.மீ. கூடும். அடிப்பாக எண்ணிக்கை 26, 32, 38, 44 என்று போகும். முனைகளில் எந்த மாற்றமும் கிடையாது. மேலே 8ஆம் சுற்று 14 சிங்கிள், 6 குறைப்பு, 18 சிங்கிள் என்று 38. 9ஆம் சுற்று 11, 6 குறைப்பு, 15 என்று 32. 11ஆம் சுற்று 10, 4 குறைப்பு, 14 என்று 28. இரண்டு வழியையும் சேர்த்தால், அதாவது 13 செயினும் 4 மி.மீ. ஊசியும், 10.5 செ.மீ.க்கு மேல் போகும். ஒன்பது மாதம் வரை அது போதும்.

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் இவற்றை நிறுத்திவிட வேண்டும். நூல் அடிப்பாகம் வழவழப்பான தரையில் வழுக்கும்.

துவைப்பதற்குக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும். கொடுக்கும் முன்பு நீங்களே ஒரு முறை துவைத்துவிடுங்கள், பின்னும்போது கையில் பட்ட அழுக்கும் நூலில் மிஞ்சிய சாயமும் போய்விடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். உள்ளே சின்னத் துணி உருண்டை ஒன்றை வைத்து, வடிவத்தைக் கையால் சரிசெய்து நிழலில் காயவிடுங்கள். காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுவே நிலைக்கும்; கொஞ்சம் கோணலாக வந்த மூக்கைக்கூட இந்த இடத்தில் நேராக்கிவிடலாம். அக்ரிலிக் நூலென்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் இழை உருகித் துணி உயிரிழந்து தொய்ந்துவிடும்.